ஏறின இடத்திலேயே இறங்கினது

குரோய்டன் என்று சொன்னால் எங்கட ஆக்களுக்கு முதலில் ஞாபகம் வருவது லூனர் ஹவுஸ்தான். வெலஸ்லி வீதியில் இருபது மாடியாக நிற்கிற அந்தக் குடிவரவுக் கட்டடத்தில் கோப்பும் கையுமாகக் குந்தியிருக்காத அகதித் தமிழர் லண்டனில் குறைவு. சந்திரனில் மனிசன் கால் வைத்த காலத்தில் கட்டியதால் அந்தப் பெயராம். அதற்கடுத்து ஞாபகம் வருவது லண்டன் ரோட்டின் மரக்கறிக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும். குரோய்டன் என்றதும் தண்ணீரை நினைக்கிற ஆள் ஒருத்தரையும் நான் சந்தித்ததில்லை. 2007இலிருந்து இங்கே இருக்கிற நானும் 2023 வரைக்கும் நினைத்ததில்லை.

இது தண்ணீரைப் பற்றின கதை. 2024 ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சவுத் நோர்வூட் ஏரியில், வீட்டில் செய்த ஒரு சின்னப் பாய்வள்ளத்தில், நானும் என்ர மகளும் ஒரு வெள்ளைக்கார வாத்தியாரும் போன கதை. பெரிய வீரதீரம் ஒன்றும் இல்லை. மொத்தமாக இரண்டு மணித்தியாலம்.

முதலில் வாத்தியாரைப் பற்றிச் சொல்லவேணும். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார், ஆகவே வாத்தியார் என்றே வைத்துக்கொள்ளுவம். எழுபது தாண்டின மனிசன். பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் வேலை செய்கிற கடைக்குப் புதன்கிழமைகளில் வந்து மசாலாத்தோசையும் தேத்தண்ணியும் எடுப்பார். ஒருநாள் அவருடைய மேசை ஆடுகிறதென்று காலுக்கடியில் மட்டை மடித்து வைக்கப் போனேன். அவர் தடுத்து, சட்டைப் பையிலிருந்து ஒரு மரச்சீவலை எடுத்துச் செருகினார். மேசை ஆட்டத்தை நிறுத்தியது. மரச்சீவல் பையோடு சாப்பிட வருகிற ஆளோடு கதைக்காமல் எப்படி இருக்கிறது?

அப்படித்தான் வள்ளத்தின் கதை வந்தது. அவருடைய வீட்டுக் கராஜில் ஒரு 'மிரர்' வள்ளம் கிடந்தது. 1966இல், அவருக்குப் பதினாலு வயதில், தகப்பனோடு சேர்ந்து கட்டினது. கனகாலம் தோட்டத்தில் கவிழ்த்து வைத்ததில் அடிப்பலகை உக்கிப்போய்விட்டது. திருத்த ஆசை, ஆனால் விரல் மூட்டுகளில் வாதம். பலகையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். எனக்குத் திங்கட்கிழமை லீவு. 2023 ஐப்பசியிலிருந்து சித்திரை வரைக்கும் கனக்கத் திங்கட்கிழமைகள் அந்தக் கராஜில்தான் போனது. மனுசி முதலில் நம்பவில்லை. இரண்டொரு முறை போன் எடுத்துச் சத்தம் கேட்டுப் பார்த்தா.

மிரர் என்பது டெய்லி மிரர் பத்திரிகையின் பெயரால் வந்த வள்ளம். ஜாக் ஹோல்ட் என்ற வள்ள வடிவமைப்பாளரும், அந்தக் காலத்து ரீவியில் வீட்டுத் தச்சுவேலை காட்டிக்கொடுத்த பாரி பக்னெல்லும் சேர்ந்து 1962இல் உருவாக்கினது. நீளம் 11 அடிக்குக் கொஞ்சம் குறைவு. வெட்டின பலகைத் துண்டுகளைப் பெட்டியாக விற்றார்கள். 1963இல் விலை 63 பவுண் 11 சிலிங். வள்ளம் என்றால் பணக்காரர் விளையாட்டு என்றிருந்த நாட்டில், பஸ் ஓட்டுகிறவரும் வாத்தியாரும் தங்கட வீட்டுக்குள்ளேயே கட்டலாம் என்று வந்தது. எழுபதாயிரத்துக்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. பாய் சிவப்பு நிறம். எங்கே கண்டாலும் மிரர் என்று தெரிந்துவிடும்.

எனக்குப் புதினமாக இருந்தது அதைக் கட்டுகிற விதம். ஆணி அடிப்பதில்லை. ஒட்டுப்பலகை ஓரங்களில் துளை போட்டு, செப்புக் கம்பியால் தைத்து, குறட்டால் முறுக்கி இறுக்கி, பிறகு உள்ளேயும் வெளியேயும் பைபர் கிளாஸ் நாடாவை வைத்துப் பிசினால் ஒட்டுகிறது. அதாவது வள்ளத்தைத் தைக்கிறது. நான் வாத்தியாருக்குச் சொன்னேன், எங்கட பக்கத்தில் இது பழைய வேலை, துறைமுகம் கட்ட முதல் சென்னையில் கப்பலிலிருந்து ஆக்களையும் சாமானையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தது கயிற்றால் தைத்த மசூலா வள்ளங்கள்தான் என்று. கட்டமரான் என்ற இங்கிலிஸ் சொல்லே எங்கட கட்டுமரம் என்றும் சொன்னேன். மனிசன் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீ இவ்வளவு நாளும் தெரியாத மாதிரி நடிச்சனியோ?" என்று கேட்டார்.

உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. அதைத்தான் இங்கே எழுதவேணும்.

நான் பருத்தித்துறை. கடல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டின 89 அடி அன்னபூரணி, வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, எங்கட மாலுமிகளோடு 1937இல் வெளிக்கிட்டு 1938 ஆவணியில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தக் கதையை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிறோம். ஆனால் என்ர வீட்டில் ஒருத்தரும் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. வைக்கக்கூடாதென்று வளர்த்தார்கள். கடல் ஆபத்து என்பது அதற்குச் சொன்ன காரணம். மற்றக் காரணம் சாதி. மீன் கொண்டுவாற அம்மாவுக்கு எங்கட ஆச்சி தண்ணி குடுத்தது தனிப் பேணியில். அந்தப் பேணி வேலியில் கவிழ்த்துக் கிடந்தது. அதையும் ஒளித்துக்கொண்டு அன்னபூரணிப் பெருமை பேசினால் அது அரைக் கதை.

ஆகவே நான் முதன்முதல் வள்ளம் ஏறினது 1993இல், கிளாலியில். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

கிளாலியைப் பற்றி அந்த வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவைக்காகச் சொல்லுகிறேன். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போக இருந்த வழி, இரவில் கிளாலியிலிருந்து கடலேரியைக் கடந்து பூநகரிப் பக்கக் கரைக்குப் போவது. நாகதேவன்துறையில் கடற்படை இருந்தது. 1993 தை 2ஆம் திகதி இரவு கடற்படை தாக்கியதில் படகுகளில் போன சனம் பலர் செத்தார்கள். நாங்கள் போனது அதே வருடம் சித்திரையில். அப்பா கொழும்பில் வேலை. அம்மா, நான், ஐந்து வயதுத் தம்பி. மண்ணெண்ணெயில் ஓடின மினிபஸ்ஸில் வந்து இறங்கி, முழங்கால் தண்ணியில் நடந்து ஏறினோம். ஒரு இயந்திரப் படகு மற்றப் படகுகளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனது. நடுவழியில் தூரத்தில் வெளிச்சம் தெரிந்தது. ஓட்டி மெதுவாகத்தான் சொன்னார்: "தலையைப் பதியுங்கோ. ஒருத்தரும் எழும்பக்கூடாது." எல்லாரும் படுத்தோம். என்ர முகம் படகின் அடித்தண்ணிக்குள். மண்ணெண்ணெய் மணம். அம்மா தம்பிக்கு மேலே கிடந்தா. எவ்வளவு நேரமென்று தெரியாது. விடியப்புறம் கரையில் இறங்கினபோது அந்த ஓட்டி தன்ர கானிலிருந்து அம்மாவுக்குத் தண்ணி குடுத்தார். அம்மா அதே கானில் வாய் வைத்துக் குடித்தா. வேலியில் கவிழ்த்துக் கிடந்த பேணி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது, இப்போதும் வருகிறது.

பிறகு ஊருக்குத் திரும்பி, படித்து, யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் பௌதிகம் மூன்றாம் வருடம் படிக்கும்போது 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடுப்பட்டது. அதற்குப் பிறகு நான் யாழ்ப்பாணத்தை விட்டு வந்ததும் கடலால்தான், திருகோணமலைக்குப் போன கப்பலில். படிப்பு அதோடு நின்றது. என்ர வாழ்க்கையில் நான் தண்ணியில் போனதெல்லாம் விட்டுப்போனதுதான்.

வாத்தியார் ஆனியில் வள்ளத்தைத் தண்ணியில் இறக்கி ஓடிப் பார்த்துவிட்டு வந்து "வா, ஒருநாள் போவம்" என்றபோது, வேலை இருக்கிறது என்று மூன்று ஞாயிறு தப்பினேன். நாலாவது ஞாயிறு மகள் விடவில்லை. அவளுக்கும் பன்னிரண்டு வயது. கராஜில் இரண்டு மூன்று தரம் வந்து உரஞ்சுதாள் பிடித்தவள். "அப்பா, நீங்கள் செய்த வள்ளத்தில நீங்கள் ஏறமாட்டீங்களோ?" என்று கேட்டாள். பின்னேர வேலைக்கு மாறிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

சவுத் நோர்வூட் ஏரி எங்கட கணக்கில் ஒரு குளம். அதுவும் வெட்டின குளம். 1809இல் குரோய்டனுக்குக் கால்வாய் திறந்தபோது, அதற்குத் தண்ணி விடுவதற்காக உண்டாக்கினது. நியூ குரொஸ் பக்கத்திலிருந்து குரோய்டன் வரைக்கும் படகை மேட்டில் ஏற்றுவதற்கு 28 இடங்களில் கதவு வைத்த மடைகள். கட்டினவைக்கு லாபமில்லை. 1836இல் மூடி, ரயில் கம்பனிக்கு விற்றார்கள். 1839இல் ரயில் ஓடியது. கால்வாய் வந்து முடிந்த துறை இருந்த இடத்தில்தான் இப்போது வெஸ்ற் குரோய்டன் ஸ்ரேசன். நான் இத்தனை வருடமாக வெங்காயம் வெட்டுகிற கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு காலம் வள்ளங்கள் வந்து நின்றிருக்கின்றன. வாத்தியார் இதைச் சொன்ன நாளிலிருந்து அந்த ஸ்ரேசனுக்குள் போகும்போது காலடியைப் பார்க்கிறேன்.

அன்றைக்கு மப்பும் வெய்யிலும். மிரரின் பாய்மரம் கட்டை. மேலே ஏறுகிற பகுதியைத் தனித்தடியாகக் கயிற்றால் இழுத்து உயர்த்துகிறது. அப்படிச் செய்ததால் எல்லாத் தடியையும் வள்ளத்துக்குள்ளேயே அடுக்கிக் காரின் கூரையில் கட்டிக்கொண்டு வரலாம். மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டோம். எனக்கு நீச்சல் தெரியாது. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு நீச்சல் தெரியாதென்றால் வெள்ளைக்காரர் நம்புவதில்லை.

"காத்து எங்கயிருந்து வருது?" என்று வாத்தியார் மகளிடம் கேட்டார். அவள் முழித்தாள். நான் யோசிக்காமல் கையைக் காட்டினேன். தென்மேற்கு. எங்கட சோழகம். பட்டம் ஏத்தி வளர்ந்தவனுக்குக் கழுத்துப் பிடரியில் தெரியும். அது ஒன்றுதான் நான் அன்றைக்குச் சரியாகச் செய்தது.

காற்று வருகிற திசைக்கு நேரே எந்தப் பாய்வள்ளமும் போகாது. கிட்டத்தட்ட 45 பாகை விலத்திப் போய், திரும்பி, மற்றப் பக்கம் 45 பாகை போய், இப்படிக் கோணல் மாணலாகத்தான் காற்றுக்கு எதிரே ஏறவேணும். ஏன் பின்னுக்குத் தள்ளுப்படாமல் முன்னுக்குப் போகிறது? விசையை இரண்டு கூறாகப் பிரிக்கிறது. பாயில் விழுகிற விசையின் ஒரு கூறு முன்னுக்கு, மற்றக் கூறு பக்கவாட்டுக்கு. வள்ளத்தின் நடுவில் தண்ணிக்குள் இறக்குகிற பலகை அந்தப் பக்கவாட்டுத் தள்ளலைப் பிடித்துவிடும். மிஞ்சுவது முன்னுக்குப் போகிறது. இதைக் கொப்பியில் அம்புக்குறி போட்டுக் கீறிப் புள்ளி வாங்கினவன் நான். அன்றைக்குத்தான் அந்த அம்புக்குறி கையில் பிடித்த கயிற்றில் இழுத்தது. பாதியில் விட்ட படிப்பில் ஒரு பாடம் இருபது வருடம் பிந்தி முடிந்த மாதிரி ஒரு சந்தோசம். மகளுக்கு விளங்கப்படுத்தினேன். அவள் "அப்பா, சும்மா இருங்கோ, காத்தைப் பாருங்கோ" என்றாள்.

ஒரு மணித்தியாலம் நல்லாகப் போனது. வாத்துகள் விலத்தின. கரையில் தூண்டில் போட்டிருந்தவை எங்களை முறைத்தார்கள். சுத்திவர மரமென்றபடியால் காற்று நிற்கும், திடீரென்று இன்னொரு பக்கத்தால் வரும். அப்படித்தான் அது நடந்தது. காற்று பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தது. சட்டென்று மாறியது. பாயின் அடியில் கிடக்கிற தடி, பூம் என்கிறார்கள், ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ஒரே வீச்சில் வந்தது. "தலையைக் குனியுங்கோ!" என்று வாத்தியார் கத்தினார்.

குனிந்தேன். குனிந்தது மட்டுமில்லை, விழுந்து படுத்துவிட்டேன். முகம் அடிப்பலகையில். கொஞ்சம் தண்ணி நின்றது. பூம் போய்விட்டது, வள்ளம் நேராகிவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு எழும்ப முடியவில்லை. எழும்பக்கூடாது என்று உடம்பு சொல்லுகிறது. மகள் வள்ளத்தில் இருக்கிறாள் என்று தெரிகிறது, அவளுக்கு மேலே போய்ப் படுக்கவேணும் என்று கையை நீட்டி அவளுடைய காலைப் பிடித்து இழுத்திருக்கிறேன். அவள் ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை என்ர முதுகில் வைத்தாள்.

"அப்பா, ஓகே. தடி போயிட்டுது. எழும்புங்கோ."

வாத்தியார் ஒன்றும் கேட்கவில்லை. பாயைத் தளர்த்தி வள்ளத்தைச் சும்மா மிதக்க விட்டார். கிறிஸ்டல் பலஸ் ரீவி கோபுரத்தைக் காட்டி அதன் உயரத்தைப் பற்றி மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பி இருந்தபிறகு, சுக்கானை மகளிடம் குடுத்தார். அவள்தான் எங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். இரண்டு தரம் துறையை விட்டு விலத்திப் போய், மூன்றாம் தரம் பிடித்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள், என்ன நடந்தது என்று. கிளாலியைச் சொன்னேன். முதல்தரம். எல்லாம் சொல்லவில்லை, வெளிச்சத்தையும் படுத்ததையும் சொன்னேன். பேணியையும் கானையும் சொன்னேன். அவள் கன நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஓட்டிக்குப் பிறகு என்ன நடந்தது?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் என்னைக் கேட்டதில்லை. எங்களை இறக்கிவிட்டு அவர் அதே இரவு அதே தண்ணியால் திரும்பிப் போயிருக்கவேணும்.

பின்னேரம் வேலை. எங்கட கடையில் பாத்திரம் கழுவுகிறவன் ஒரு குர்திஷ் பெடியன். 2021 ஐப்பசியில் ரப்பர் படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்தவன். அடுத்த மாதம், கார்த்திகை 24ஆம் திகதி, அதே கடலில் ஒரு படகு கவிழ்ந்து 27 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். செய்தியில் இவர்களுக்குச் 'சின்னப் படகுகள்' என்று பெயர். படகுக்குத்தான் பெயர், ஆக்களுக்கு இல்லை. எங்கட ஆக்களில் சிலரும் ரீவியைப் பார்த்து "இவங்களைத் திருப்பி அனுப்பவேணும்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். 1986 ஆவணியில் கனடாவின் நியூபவுண்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்தது 155 தமிழர். அவர்களைக் கரை சேர்த்தது அந்த ஊர் மீன்பிடிகாரர். அதை மறந்துபோனால் ஞாபகப்படுத்த ஒரு ஆள் வேணும்தானே.

பெடியனுக்கு மகள் எடுத்த படத்தைக் காட்டினேன். சிவப்புப் பாயைக் கன நேரம் பார்த்தான்.

"எத்தினை மணித்தியாலம்?"

"ரெண்டு."

"எங்க போனீங்கள்?"

"ஒரு இடமும் போகேல்லை. வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்தம்."

அவனுக்கு விளங்கவில்லை. திருப்பிச் சொன்னேன். பிறகு சிரிக்கத் தொடங்கினான். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது: ஏறின இடத்திலேயே இறங்கின என்ர முதல் பயணம் அது. விளையாட்டுக்கு வள்ளம் விடுகிறவைக்கு அது ஒரு விசயமே இல்லை. திரும்பி வருவதற்காகத்தான் அவை போகிறவை. எங்களைப் போன்ற ஆக்களுக்கு அது நாற்பது வயதுக்குப் பிறகு கிடைக்கிற சாமான்.

இரவு அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். பருத்தித்துறையில் விடியப்போகிற நேரம், அவ எழும்பியிருப்பா. கிளாலியில் நான் பயந்து கிடந்ததைச் சொன்னேன். "நீயோ? நீ நித்திரை கொண்டனி மோனை. கரை வந்துதான் தட்டி எழுப்பினனான்" என்றா. எது சரியென்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் சரியாக இருக்கலாம். பிறகு கேட்டா, "பிள்ளைக்கு மிதக்கிற சட்டை போட்டனியே?" போட்டது என்றேன். "அது காணும்" என்று வைத்துவிட்டா.

அடுத்த ஞாயிறு பெடியனும் எங்களோடு வந்தான். ஏறவில்லை. கரையில் நின்று, நாங்கள் வரும்போது கயிற்றைப் பிடித்துக் கட்டினான்.

பி.கு: நீச்சல் பழகத் தொடங்கியிருக்கிறேன். புதன் காலமை, பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பு. முகத்தைத் தண்ணிக்குள் வைக்கிற பாடத்தில்தான் இன்னும் நிற்கிறேன்.